ஆறு மணிக்குப் பிறகு படலையைத் தட்டாத ஒருவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது திருகோணமலையில் 2023 ஜனவரிக்கும் நவம்பருக்கும் இடையில் நடந்தது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்ததை மாற்றவில்லை. நான் உவர்மலைப் பக்கம் ஒரு சின்ன அறையில் உளவளத்துணை செய்கிறவன். பெரிய வெற்றிக்கதை என்று நினைத்து வாசிக்க வேண்டாம், நான் விட்ட பிழைகளும் இதில் இருக்கின்றன.

பின்னணி

அவருக்கு அப்போது 38 வயது. மனைவி, இரண்டு பிள்ளைகள், மூத்த மகள் நான்காம் ஆண்டு. நுண்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருட வேலை, அதில் கடைசி நான்கு வருடம் வசூல் மட்டும். ‘ரிக்கவரி’ என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

குழுக்கடன் எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அஞ்சாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் எடுப்பார்கள், கிழமைக்குக் கிழமை தவணை, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். நுண்நிதிக்கென்று 2016இல் ஒரு சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தபோது திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்குப் பிறகும் கடன் எடுப்பது நின்றுவிடவில்லை. 2006இல் இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பி வந்த சம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு, கூரைத் தகரத்துக்கும் கிணற்றுக்கும் உடனே காசு தருகிற வேறு இடம் அதிகம் இருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் காசு கிழமைக் கணக்கில் வருவதில்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக் காலம், கடல் கொந்தளிக்கும், சின்னப் போட்டுகள் கரையில் கிடக்கும். தம்பலகாமத்தில் பெரும்போகம் வெட்டுவது பெப்ரவரி மார்ச்சில். தவணை மட்டும் எல்லாச் செவ்வாய்க்கிழமையும் வரும். போதாதற்கு 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது, அந்தச் சின்னப் போட்டுகளின் எஞ்சின் ஓடுவதே மண்ணெண்ணெயில். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த நிலைமையில் இவருடைய இலக்கு 90 வீத வசூல். இவர் 81இல் நின்றார். எரிபொருள் தட்டுப்பாட்டுப் பங்கீட்டில், மோட்டார் சைக்கிளுக்குக் கியூஆர் கோட்டில் அப்போது கிடைத்ததோ கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோல், அதை வைத்துக்கொண்டு கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி எல்லாம் போய்வர வேண்டும்.

முதல் சந்திப்பில் கண்டது

நெஞ்சு இறுகுகிறது என்றுதான் வந்தார். என்னிடம் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, இரத்தமும் பார்த்து, இருதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். எங்கே இறுகுகிறது என்று கேட்டேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் சொன்னது இடத்தின் பெயரை: “கிண்ணியாப் பாலம் ஏறேக்க, சேர்.” முன்பு ‘பாதை’ என்ற மிதவைப் படகில் கடந்த அந்த இடத்தில் 2009இல்தான் பாலம் திறந்தார்கள். ஊருக்கே அது நிம்மதி. இவருக்குப் பாலத்தின் நடுவில் கை வியர்த்து ஹேண்டில் வழுக்கும். திரும்பி வரும்போது ஒன்றும் இல்லை.

நித்திரை மூன்று நான்கு மணித்தியாலம். இரவில் சாப்பாடு இறங்காது. பிள்ளைகளோடு பேச்சுக் குறைந்துவிட்டது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளில் 27க்கு 16 வந்தது, பத்து வந்தாலே கவனிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றியது. அதற்கு இல்லை என்றார், வாயாலும் திரும்பக் கேட்டேன், இல்லை என்றார். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அவருடைய போனில் பதிந்துகொடுத்த பிறகுதான் மற்றக் கதைக்குப் போனோம்.

அப்போது ஒரு சம்பவம் சொன்னார். டிசம்பரில் ஒரு மத்தியானம், ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒன்பது பத்து வயதுப் பிள்ளை ஒன்று வெளியே வந்து, “அம்மா வீட்ட இல்ல” என்றது. வாசற்படியில் அம்மாவின் செருப்பு கிடந்தது. குசினியில் சோறு கொதிக்கிற சத்தம். பிள்ளை செருப்பைப் பார்த்தது, இவர் பார்ப்பதையும் பார்த்தது, பிறகு மெதுவாகக் காலால் அந்தச் செருப்பைப் படிக்குக் கீழே தள்ளியது. இவர் சைக்கிளில் இருந்தபடியே, “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்று காலையிலிருந்து தான் எத்தனை பேரிடம் “கேஸ் போட்டாச்சு, பொலிஸ் வரும்” என்று சொல்லியிருந்தேன் என்று சந்திவரை போய்த்தான் எண்ணிப் பார்த்தாராம். ஐந்து. எந்தக் கேசும் போடப்படவில்லை.

வேலைப்பளு, களைப்பு என்று மட்டும் இதை எழுதிவிட்டுப் போகலாம், முதல் நாள் குறிப்பில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் லீவு போட்டு வீட்டில் இருந்த நாட்களிலும் அவருக்குக் குறையவில்லை, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்த அமெரிக்க மனநல வைத்தியர் ஜொனதன் ஷே, பயத்தால் வரும் காயம் வேறு, சரி என்று நம்புவதற்கு எதிராக நடந்ததால் வரும் காயம் வேறு என்று 1990களில் எழுதினார். போரையும் வசூலையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இரண்டாவது வகை ஓய்வால் ஆறுவதில்லை என்பது மட்டும் இந்த மனிதரிடம் தெளிவாகத் தெரிந்தது.

அலுமாரிக் கதவில் பதினான்கு விதி

என்னிடம் வருவதற்கு முன்பு அவரே ஒரு வைத்தியம் செய்து பார்த்திருந்தார். யூடியூபில் பார்த்துப் பதினான்கு விதி எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். காலை 4.30க்கு எழும்புதல், பச்சைத்தண்ணியில் குளிப்பு, டச்சுக் குடாக் கரையில் நடை, சீனி இல்லை, போன் இல்லை, பத்துப் பக்கம் வாசிப்பு, கோபப்படாமை, எல்லோரையும் நேசித்தல், இப்படிப் போகிறது. பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் 6 மணிக்குத்தான் கண் விழித்திருக்கிறார், அன்றே எல்லாம் முடிந்தது. தாளைக் கிழிக்கவும் இல்லை. தினமும் சேர்ட் எடுக்கும்போது அந்தத் தாள் முகத்துக்கு நேரே நிற்கும், “இதைக்கூடச் செய்ய ஏலாத ஆள் நான்” என்று ஒவ்வொரு காலையும் ஒரு தடவை வாசித்துவிட்டுப் போவார்.

அந்தப் பதினான்கில் ஒன்றுகூட அவருடைய வேலையைத் தொடவில்லை. வலி இருந்தது ஒரு இடத்தில், மருந்து பூசியது வேறு இடத்தில். என் முதல் வேண்டுகோளே அந்தத் தாளைக் கழற்றச் சொன்னதுதான். கழற்ற ஒரு கிழமை எடுத்தார், அவருக்கு அது நேர்த்தியை முறிப்பது போல இருந்ததாம்.

கொப்பி

ஒரு சின்ன சிஆர் கொப்பி வாங்கச் சொன்னேன். நல்லது கெட்டது எழுத வேண்டாம், எந்த மணிக்கு எந்த இடத்தில் உடம்பு என்ன சொன்னது என்று மட்டும், ஒரு வரி. இரண்டு கிழமை.

வாசித்தபோது இருவருக்கும் ஆச்சரியம். நெஞ்சு இறுகுவது எல்லா வீட்டுக்கும் போகும்போது அல்ல. திட்டுகிறவர்கள், கதவைச் சாத்துகிறவர்கள், நாயை அவிழ்த்து விடுகிறவர்கள், இவர்களிடம் ஒன்றும் வரவில்லை, “அது வேலைதானே சேர்.” வந்தது மூன்று இடத்தில். இருட்டிய பிறகு போன வீடுகள். பொய் சொல்லிப் பயமுறுத்திய அழைப்புகள். பிள்ளை கதவைத் திறந்த வீடுகள். பதினாறு குறிப்பில் பதின்மூன்று இந்த மூன்றுக்குள் விழுந்தது.

இரவு வீடுகளைப் பற்றி ஒரு பெண் அவரிடம் நேராகவே சொல்லியிருந்தார்: “தம்பி, காசு கேக்கிறது உங்கட வேலை, கேளுங்கோ. ஆனா பகல்ல வாங்கோ. இரவில வந்தா நீங்க போன பிறகு அடி எனக்குத்தான்.” இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

பெப்ரவரி நடுவில் மூன்று கொள்கை எழுதினோம். மாலை ஆறுக்குப் பிறகு வசூலுக்கு எந்தப் படலையையும் தட்டுவதில்லை. உண்மையில்லாத எதையும் சொல்லிப் பயமுறுத்துவதில்லை. பிள்ளை முன்னால் காசுப் பேச்சு இல்லை.

மூன்றுமே ‘இல்லை’யில் முடிகின்றன என்று அவரே கவலைப்பட்டார், நல்ல எண்ணமாக ஏதாவது எழுத வேண்டாமா என்றார். வேண்டாம் என்றேன். ‘எல்லோரிடமும் அன்பாக இருப்பேன்’ என்பதைக் காப்பாற்றினேனா இல்லையா என்று இரவு பத்து மணிக்கு யாராலும் சொல்ல முடியாது, மனம் சோர்ந்த ஆள் எப்போதும் ‘இல்லை’ என்றே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார். ஆறு மணிக்குப் பிறகு தட்டினேனா என்பதற்கு ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

இதை அவர் செய்வாரா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அப்போது கேட்டேன், வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவீர்களா? சின்ன வயதிலிருந்தே இல்லை என்றார். கலியாண வீட்டில் வைத்தால்? “வெள்ளி எண்டா இல்லைதானே, அதில யோசிக்க என்ன இருக்கு?” அதேதான். நேரமும் இடமும் வந்தவுடன் யோசனை இல்லாமல் நடக்கிறபடி ‘இது என்றால் இது’ என்று முன்கூட்டியே கட்டிவைத்த தீர்மானம், வெறும் ஆசையைவிட நன்றாகப் பிடிக்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதினார். எங்கள் அம்மம்மாமார் வெள்ளிக்கிழமையில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே அதே அச்சில் வார்த்தோம்: ஆறு என்றால் ஹெல்மெட்டை மாட்டிச் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்புவது. பிள்ளை திறந்தால், “மாமா வந்துட்டுப் போனவர் எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ” என்றுவிட்டுத் திரும்புவது.

வேலையை விடுவது பற்றியும் பேசினோம். வீட்டு லோனும் மகளின் படிப்பும் இருக்கும்போது 2023இல் வேலையை விடு என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

முதல் ஆறு கிழமை

மோசம். அதை மறைக்கக் கூடாது. வசூல் 81இலிருந்து 68க்கு விழுந்தது. காலைக் கூட்டத்தில் மெனேஜர் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்தார். ஊக்கத்தொகை 9,000 ரூபா போனது. அந்த 9,000தான் வீட்டில் பால்மாவும் மகளின் ரியூஷன் காசும். மனைவிக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சம்பளச் சிட்டையைப் பார்த்துக் கேட்டபோது, “கொள்கை” என்று இவர் சொல்ல, “கொள்கையைக் கரைச்சுப் பிள்ளைக்குக் குடுக்கவா?” என்று அவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. அடுத்த முறை இருவரையும் வரச் சொன்னேன். கொப்பியை மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தார். அந்த இரவு வீட்டுப் பெண்ணின் வரி வந்த இடத்தில் அவர் கொப்பியை மூடிவிட்டு, “இதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றார். அதற்குப் பிறகு ரியூஷனில் ஒரு பாடத்தை நிறுத்தித் தானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

நித்திரை மட்டும் மூன்றாம் கிழமையிலேயே மாறியது. ஆறரைக்கு வீடு வந்துவிடுகிறாரே, அதுவும் ஒரு காரணம்.

பொய்யை நிறுத்தியதும் வேலையில் ஏற்பட்டது

இரண்டாவது கொள்கைக்கு ஒரு பக்கம் இருந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. கடனாளிகளிடம் பொய் இல்லை என்றால், மெனேஜரிடம்? “இந்தக் கிழமை எப்படியும் எடுத்துத்தாறன் சேர்” என்று எல்லா வெள்ளியும் சொல்வதும் பொய்தானே என்று அவரே கண்டுபிடித்தார். மார்ச்சில், வரவே வராத இருபது பேரின் பெயரையும் காரணத்தையும் எழுதி மேசையில் வைத்தார். போட் ஏறவில்லை, வயல் இன்னும் வெட்டவில்லை, புருஷன் ஆஸ்பத்திரியில், இப்படி. மெனேஜர் கத்தினார், தாளை எறிந்தார். மாதக் கடைசியில் பார்த்தால் இருபதில் பதினேழு சரி. ஏப்ரலில் மெனேஜரே, “அந்த லிஸ்ட் எங்க?” என்று கேட்டார். வராத வீட்டுக்கு ஐந்து முறை ஓடுவது குறைந்தது, அளந்து கிடைத்த பெற்றோலுக்கு அது பெரிய விஷயம். கடனாளிகளும் தேதி கேட்டால் உண்மையான தேதி சொல்லத் தொடங்கினார்கள், எல்லோரும் இல்லை, பாதிப் பேர்.

மே மாதம் வசூல் 76 வீதம். இதைக் கொள்கையின் கணக்கில் முழுக்க எழுத முடியாது. பெரும்போகம் வெட்டித் தம்பலகாமத்தில் நெற்காசு வந்திருந்தது, கடல் அமைதியாகியிருந்தது, விலைவாசி ஏறும் வேகமும் அடங்கியிருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை.

ஜூன்: சறுக்கல்

மாதக் கடைசி. நிலாவெளிப் பக்கம் ஒரு வீடு, இரவு 7.40. போய்த் தட்டினார், “நாளைக்கு லோயர் வருவார்” என்றும் சொன்னார். ஒரே இரவில் இரண்டு கொள்கை போயிற்று. மறுநாள் என்னிடம் வந்து, “எல்லாம் முடிஞ்சுது சேர், திரும்பப் பூச்சியத்தில இருந்து” என்றார். அலுமாரித் தாளின் குரல் அப்படியே கேட்டது.

பூச்சியம் என்று ஒன்று இல்லை, ஒரு வெள்ளிக்கிழமை தெரியாமல் மச்சம் சாப்பிட்டால் அடுத்த வெள்ளியை விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். கொப்பியில் மற்ற நாட்களைப் போலவே ஒரு வரி எழுதச் சொன்னேன். அதற்கு மேல் செய்தது அவருடைய சொந்த முடிவு. அன்று பகலே திரும்பிப் போய், “அக்கா, நேற்று லோயர் எண்டு சொன்னது பொய்” என்று சொல்லியிருக்கிறார். அந்த அக்கா சிரித்து, “அது எனக்குத் தெரியும் தம்பி, போன வருசமும் அதே லோயர்தான்” என்று தேத்தண்ணி கொடுத்தார். காசு கொடுக்கவில்லை.

முடிவு

செப்டெம்பரில் பிஎச்கியூ-9 ஆறுக்கு இறங்கியது, ஏப்ரலில் 11 இருந்தது. நித்திரை ஆறு மணித்தியாலம். பாலத்தில் கை வியர்ப்பது போய்விட்டது, எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. இந்த எட்டு மாதத்தில் மருந்து எதுவும் எடுக்கவில்லை.

வேலைத் திறன் என்று கேட்டால் பதில் நேராக இல்லை. வசூல் 77க்கு மேல் ஏறவே இல்லை, பழைய 81ஐத் தொடவும் இல்லை. எதிர்பார்த்த பதவி உயர்வு அவரைவிட இளைய ஒருவருக்குப் போனது. ஆனால் அவர் கொடுத்த கணிப்பும் கணக்கும் கிளையிலேயே நம்பகமானவை என்று பெயர் எடுத்தன. நவம்பரில் அதே நிறுவனத்தில் நகை அடகுக் கவுன்டருக்கு மாற்றிக்கொண்டார், களப்படி இல்லாததால் கையில் வருவது குறைவு. அவருடைய பழைய பாதைக்கு இப்போது வேறொருவர் போகிறார். இரவிலும் போகிறார் என்று கேள்வி. இவருடைய கொள்கை இவருடைய நெஞ்சைத்தான் காப்பாற்றியது, அந்தப் படலைகளை அல்ல. அது அவருக்கும் தெரியும், ஒரு முறை அழுதார்.

திரும்பச் செய்வதென்றால்

மூன்றையும் ஒன்றாகத் தொடங்கியிருக்க மாட்டேன். ஆறு மணியை மட்டும் முதலில் வைத்து, அது உறைந்த பிறகு மற்றவை என்றால் 68 வரை விழுந்திருக்காது என்று நினைக்கிறேன். மனைவியை முதல் கிழமையிலேயே கூப்பிட்டிருப்பேன், இது என் பெரிய பிழை. கொள்கை எடுத்தது ஒருவர், 9,000 ரூபா கொடுத்தது நான்கு பேர். இரவு வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தபோது, அந்தப் பெண் எங்கே உதவி கேட்கலாம் என்ற தகவலை இவர் வழியாகவாவது அனுப்பியிருக்க வேண்டும். என் முன்னால் இருந்தவரின் நெஞ்சிலேயே என் கவனம் நின்றுவிட்டது, ஏப்ரலில்தான் பெண்கள் உதவி இலக்கம் 1938ஐ எழுதிக் கொடுத்தேன். ஜூன் போன்ற சறுக்கல் வரும் என்று முதல் நாளே சொல்லிவைத்திருப்பேன்.

இப்போது யாராவது கொள்கைப் பட்டியலோடு வந்தால், இதற்கு மாதம் எவ்வளவு குறையும், அது வீட்டில் யாருக்குத் தெரியும் என்று முதலில் கேட்கிறேன். போன மாதம் ஒருவர் இருபத்திரண்டு விதியோடு வந்தார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாளை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். அவரிடமும் ஒரு கொப்பி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.